ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம்

தியோடலைட்டில் கண்ணை வைத்த பழனிச்சாமி சட்டென்று தலையை எடுத்துக்கொண்டார். "ஏனுங்க சார், மாமரம் தலைகீழாத் தொங்குதுங்களே" என்றார்.

எங்கள் கருவி அப்படித்தான் என்றேன். நில அளவைக்காரர்கள் கோணம் பார்க்க வைத்திருப்பது. முக்காலியின் மேல் உட்கார்ந்த ஒரு சின்னத் தொலைநோக்கி. அந்தக் காலத்துக் கருவிகளில் மரமும் மனிதரும் தலைகீழாகத்தான் தெரிவார்கள். நாலைந்து மாதம் பழகினால் மனசு தானாக நிமிர்த்திக்கொள்ளும்.

இரண்டடி தள்ளி நின்ற மாராத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. காலையிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், காரியம் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதலமடைக்குத் தெற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பு அது. எழுபதுகளில் ஒரு தை மாதம். மா பூத்து, பூவிலிருந்து சொட்டிய பிசுபிசுப்பு இலை, சட்டை, அளவுச் சங்கிலி எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது. கணவாய் வழியாக அந்த மாதங்களில் வீசும் கிழக்குக் காற்றைப் பாலக்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை முழுவதும் கருவியின் அடியில் தொங்கும் தூக்குக்குண்டு ஆடிக்கொண்டே இருந்தது. காற்றுக்கு மறைவாக ஒரு சுவர் வேண்டும். அந்தத் தோப்பில் இருந்த ஒரே சுவர் மாராத்தாளின் குடிசைச் சுவர். கருவி அவள் வாசலுக்கு வந்தது அப்படித்தான்.

சூரியன் இறங்கியிருந்தது. கூரைக்கு மேலே, கிழக்கே, வியாழன் வந்துவிட்டது.

பத்து சென்ட்

வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்களுக்கு அந்தக் குடிசையும் அதைச் சுற்றி ஒரு துண்டு நிலமும் சொந்தம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. மலையாளத்தில் குடிகிடப்பு என்பார்கள். பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட். எத்தனையோ பேர் பாதி நம்பிக்கையோடு மனு எழுதிப் போட்டார்கள். மாராத்தாளும் யாரிடமோ எழுதி வாங்கிப் போட்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். புருஷன் இறந்துவிட்டார். மகளைக் கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். இருபது வருஷமாக அந்தத் தோப்பிலேயே வேலை, அந்தக் குடிசையிலேயே வாசம்.

பழனிச்சாமி தோப்புக்குச் சொந்தக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பத்து சென்ட் தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. தோப்பின் நட்ட நடுவில் வேண்டாம், வடக்கே வாய்க்கால் ஓரமாகத் தருகிறேன் என்றார். இடத்தை மாற்றித் தர சட்டத்தில் வழி உண்டு. ஆனால் மாற்றுகிற இடம் குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். தகுந்ததா இல்லையா என்று பார்த்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டியவன் நான்.

பத்து சென்ட் எவ்வளவு என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மீட்டர்க் கணக்கு வந்திருந்தாலும் எங்கள் கையில் இருந்தது பழைய இரும்புச் சங்கிலி. நூறு வளையம், அறுபத்தாறு அடி. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம். சதுரமாகப் போட்டால் மிச்சம் மீதி இல்லாமல் பத்து சென்ட். சட்டம் எழுதியவர்கள் சங்கிலியைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம்.

அன்று காலை குடிசையைச் சுற்றி அளந்தோம். மதியம் வாய்க்கால் ஓரம் அளந்தோம். இடையில் பழனிச்சாமி இளநீர் வெட்டிக் கொடுத்தார். வாய்க்காலில் அப்போது தண்ணீர் விடவில்லை. மண் காய்ந்து கெட்டியாக இருந்தது. கரையின் அடியில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்ததுபோல் ஒரு கோடு ஓடியது. அது எதனால் என்று என் தொழில் எனக்குச் சொல்லியிருந்தது. இருந்தும், 'தகுந்த இடம்' என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் அமைதியாகிவிடும், மேலே எவரும் கேட்க மாட்டார்கள் என்று மனசுக்குள் முக்கால்வாசி முடிவுசெய்திருந்தேன்.

மாராத்தாள் மட்டும் ஒரே பேச்சில் நின்றாள். எனக்கு இங்கேயே போதும் என்றாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

தேவிகுளத்துக்கு வந்த தந்தி

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போக வேண்டும். 'உங்கள் தொடரில் உங்கள் மனைவி ஏன் வருவதே இல்லை?' என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். வராததற்குக் காரணம் உண்டு.

எனக்கும் சாரதாவுக்கும் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவள் உண்டானாள். நான் அப்போது தேவிகுளத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே எல்லை அளக்கிற வேலையில் இருந்தேன். நாள் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று நம்பிப் போயிருந்தேன். குழந்தை முன்னாலேயே பிறந்துவிட்டது. தந்தி தாலுகா ஆபீசுக்கு வந்து, நான் காட்டுக்குள் இருந்ததால் அங்கேயே பல நாள் கிடந்தது. ஒருவழியாக ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தபோது, அதோடு இரண்டாவது தந்தியும் இருந்தது.

பெண் குழந்தை. ஒன்பது நாள் இருந்தது.

கணக்கப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். "கீழ போற பஸ்ஸு இனி காலைலதான் சார். எங்க வீட்டுல வந்து இருங்க" என்றார். நான் போகவில்லை. கூடாரத்துக்கு வெளியே நின்றேன். பனி விலகிய மலையில் நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். காலேஜில் படிக்கும்போதே எனக்கு வான சாஸ்திரத்தில் கிறுக்கு. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்து, எது எவ்வளவு தூரம், எதன் வெளிச்சம் எப்போது புறப்பட்டது என்று மனப்பாடமாக வைத்திருந்தேன். அன்று அந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். நம் சூரியனே ஒரு மணல். பூமி அந்த மணலைச் சுற்றும் தூசி. தூசியின் மேல் ஒன்பது நாள்.

சொல்லச் சொல்ல வலி குறைந்தது. அது மருந்து என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையை நான் பார்க்கவே இல்லை. சாரதா சுவரோரம் படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்ட மருந்து அவளுக்கும் கேட்கும் என்று நம்பி, அதே கணக்கைச் சொன்னேன். இத்தனை பெரிய பிரபஞ்சத்தில் நம் துக்கம் ஒரு தூசிகூட இல்லை என்றேன்.

"அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

அழவில்லை, சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. சமைத்தாள், துவைத்தாள், காப்பி கொண்டுவந்து வைத்தாள். மொட்டை மாடியில் என்னோடு நட்சத்திரம் பார்க்க வருகிறவள் வருவதை நிறுத்தினாள். சாப்பிட வாங்கோ, பால்காரர் வந்தார், தபால் வந்தது. இதற்கு மேல் பேச்சில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி, அந்த மாந்தோப்புக்குப் போன தை மாதத்திலும்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னது உண்மைதானே என்று இருந்தேன்.

கூரைக்கு மேலே வியாழன்

மாந்தோப்புக்குத் திரும்புகிறேன்.

முகாமில் வேலை முடிந்ததும் கருவியை வானத்துக்குத் திருப்புவது என் வழக்கம். சண்டைக்காரர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுவேன். இரண்டு அங்குல வரப்புக்காக அடித்துக்கொள்கிறவர்கள் இதைப் பார்த்தால் வெட்கப்பட்டுச் சமாதானமாகிவிடுவார்கள் என்பது என் எண்ணம். சிலர் ஆகியும் இருக்கிறார்கள்.

அன்றும் வியாழனைப் பிடித்து நிறுத்தி, முதலில் பழனிச்சாமியைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். சின்ன வட்டம், பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று புள்ளிகள், காற்று ஓய்ந்தால் நாலாவதும் தெரியும். அந்தப் புள்ளிகள் அதன் நிலாக்கள் என்றேன். அந்த வட்டத்துக்குள் நம் பூமியைப் போல் ஆயிரத்துக்கு மேல் போட்டு நிரப்பலாம் என்றேன். அதுவும் நம் வாசல்படியில் இருப்பதுதான். அதற்கப்பால் தெரிகிற நட்சத்திரங்களின் தூரத்தைச் சொல்ல நம்மிடம் சங்கிலியே இல்லை என்றேன்.

பழனிச்சாமி நிமிர்ந்தார். முகம் உண்மையாகவே மாறியிருந்தது. நடிப்பில்லை.

"நாமெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க சார்" என்றார். பிறகு மாராத்தாளின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டயா மாராத்தா? இத்தனை பெரிய லோகத்துல நீ இங்க இருந்தா என்ன, வாய்க்கா மேட்டுல இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதான்."

குரலில் கோபமில்லை. கனிவாகத்தான் சொன்னார். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று அந்த நொடியில் பிடிபடவில்லை.

மாராத்தாள் கருவியின் அருகே வந்தாள். பிசுபிசுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். இடையில் காற்று வந்து படம் ஆடியிருக்கும். ஆடி நிற்கும் வரை காத்திருந்து மறுபடி பார்த்தாள்.

"அங்க ஊடு வாசல் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். மண்ணே கிடையாது, காலூன்ற இடமில்லை என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்.

"அதுக்கு அந்தப்பக்கம் இருக்கறதுலயெல்லாம்?"

நமக்குத் தெரிந்தவரை எங்கேயும் எவரும் இல்லை என்றேன்.

பழனிச்சாமியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அப்ப அத்தனையும் ஆருமில்லாத எடமுங்க. இத்தனை பெருசுல இங்கதான் மனுசன் இருக்கறானுங்க. அதுலயும் நான் இருக்கறது இந்த எடம் ஒண்ணுலதானுங்க. இதும் ஒண்ணு, அதும் ஒண்ணுன்னு எப்படிங்க ஆகும்?"

பழனிச்சாமி வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

காலையிலிருந்து சொல்லாத காரணங்களையும் பிறகு அவளே சொன்னாள். மெதுவாக, என்னவோ சாமான் எடுத்து வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அந்த இடம் மூன்று மாதம் ஊறும், அடுப்பு எரியாது. இந்தக் குடிசையின் தரையை அவளும் புருஷனும் கூடை கூடையாக மண் சுமந்து உயர்த்தினார்கள். மகள் பிறந்தது இந்தக் கதவுக்குப் பின்னால். அவர் கண்ணை மூடியதும் இங்கேதான். "எல்லாருக்கும் இது சின்ன எடமுங்க. எனக்கு நடந்ததெல்லாம் இங்கதானுங்க நடந்துச்சு" என்றாள்.

கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அந்தப் பேச்சை எங்கே கேட்டேன் என்று தெரிந்துவிட்டது. என் வாயிலிருந்துதான் கேட்டிருந்தேன்.

அறிக்கை

இரண்டு நாள் கழித்து அறிக்கை எழுதினேன். வாய்க்கால் கரையில் பார்த்த வெள்ளைக் கோடு நீர் ஊறி வற்றியதன் அடையாளம், அந்த இடம் குடியிருக்கத் தகுதியற்றது, மனுதாரர் இப்போதிருக்கும் குடிசையைச் சுற்றியே அளந்து கொடுக்கலாம் என்று எழுதி, படமும் வரைந்தேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. முதல் நாளே கண்ணில் பட்டதை எழுத இரண்டு நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

பழனிச்சாமி வருத்தப்பட்டார். இளநீரை நினைவுபடுத்துகிற ஆளில்லை அவர். "சரியாத்தானுங்க எழுதியிருக்கீங்க. ஆனா எனக்குத் தோப்பு ரண்டாப் போச்சுங்க" என்றார். அதுவும் உண்மை. மேலே முறையிட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் மாராத்தாள் கையில் நிலப் பட்டா வந்தது. அதன் பிறகும் அவள் அவர் தோப்பிலேயே மாங்காய் பறித்தாள், அவரும் கூலி கொடுத்தார். இரண்டு பேரும் பழையபடி பேசிக்கொண்டதாகக் கேள்வி.

ஒன்று சொல்ல வேண்டும். வானத்தின் கணக்கு பொய் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. பூமி தூசிதான். ஆனால் அந்தக் கணக்கை ஒருவன் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டால் அகங்காரம் குறையும். அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் அவர் கையில் இருக்கிற கொஞ்சத்தையும் பிடுங்குகிற பேச்சாகிவிடும். இது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சனிக்கிழமை

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தேன். கொல்லங்கோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது நினைவிருக்கிறது. வழி நெடுக என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இரண்டு மூன்று வாக்கியம் தயாராக இருந்தது.

சாரதா அடுக்களையில் இருந்தாள். ஸ்டவ்வில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. கை கால் கழுவிவிட்டு வந்து வாசற்படியில் நின்றேன். தயார் செய்து வைத்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை.

குழந்தைக்குத் தலைமுடி இருந்ததா என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. கரண்டி நின்றது. "ஏன் இப்போ கேக்கறேள்?" என்றாள்.

"நான் பாக்கலையே."

சாதம் பொங்கி ஸ்டவ்வில் வழிந்து சுர்ரென்று சத்தம் கேட்டது. அவள் திரியைத் தாழ்த்தினாள். பிறகு அங்கேயே, தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

முடி நிறைய இருந்ததாம். கறுப்பில்லை, செம்பட்டை. இடது காதின் மடல் கொஞ்சம் மடங்கியிருந்ததாம், என் காதைப் போல. அழத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பால் குடிக்கத் தெரியவில்லை, பஞ்சில் நனைத்து விட்டார்கள். ஆறாம் நாள் அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தன் கையைக் காட்டி, "இத்தனைகூட இல்லை" என்றாள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் ஆறுதல் சொல்லவில்லை. அவள் அழுதாள், நானும் அழுதேன். தேவிகுளத்தில் அழாதது அன்றைக்கு வந்தது.

பெயர் வைக்கக்கூட நாள் இல்லாமல் போயிற்றே என்றேன். எங்கள் வீடுகளில் பதினோராம் நாள்தான் பெயர் வைப்பது.

"நான் வெச்சிருந்தேன்" என்றாள். "ஒம்பது நாளும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். யாரும் கேக்கலை. நானும் சொல்லலை."

பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள்.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி முழுதும் படித்தாள். பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது நம் இரண்டு பேருக்கு இருக்கட்டும் என்றாள். ஆனால் இந்தத் தொடரின் ஆரம்பத்தில் எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருந்தேனாம். அது தப்பு, திருத்துங்கோ என்றாள்.

திருத்துகிறேன். எங்களுக்குக் குழந்தைகள் மூன்று.